எழுத விழைவோர்க்கு இணையத்தில் ஒரு திண்ணை



"எங்கள் மகள் கதை எழுதுகிறாள். அதனை இணையத்தில் எல்லாரும் காணுமாறு வெளியிட வேண்டும் என்கிறாள். அனுமதிக்கலாமா?" இவ்வினா இன்று பெற்றோர் பலர் உள்ளத்தில் எழுகிறது. "எழுத்தாளர் ஆக வேண்டுமானால் இணையத்தில் பெயர் பரவ வேண்டுமாமே, அதற்கு என்ன வழி?" என்பது இளையோரின் வினா. இரண்டையும் ஒருசேர இம்மாதம் சிந்திப்போம்.

முன்னாளில் எழுத விழைந்தவர் செய்தது எது? கதையைப் படியெடுத்து, தபால்தலை ஒட்டிய உறையுடன் சென்னைப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தார். பிரசுரிக்க இயலாமைக்கு வருந்தும் சிறு சீட்டுடன் பிரதி திரும்பி வந்தால், அடுத்த பத்திரிகைக்கு அனுப்பினார். அவ்வாயில்கள் இன்று குறைந்துவிட்டன. 1941-இல் தொடங்கிய 'கல்கி' வார இதழே 2020-இல் அச்சை விடுத்து இணைய இதழாயிற்று. ஆதலின், இளையோர் இணையத்தை நாடுவதைக் குற்றம் என்று கூறுதல் பொருந்தாது. அங்கே என்ன செய்கிறார்கள் என்பதே கேள்வி.

தோளில் சுமந்த முன்னோடி

சொந்த முயற்சியால் வாசகரைத் தேடிக்கொள்வது நம் பகுதிக்குப் புதிதன்று. வத்தலக்குண்டு இன்று திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ளது. முன்பு மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அவ்வூரில் வளர்ந்தவர் சி. சு. செல்லப்பா. தாம் விரும்பிய இலக்கியத்திற்குப் பெரும் பத்திரிகைகளில் இடம் இல்லை என்று கண்ட அவர், 1959 சனவரியில் 'எழுத்து' என்னும் சிற்றிதழைத் தாமே தொடங்கி, 1970 வரை நடத்தினார். புத்தகக் கட்டுகளைத் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றார். அவ்விதழை வாசித்தவர் சிலரே. எனினும், தமிழ்ப் புதுக்கவிதை வேரூன்றியது அங்கேதான். அதில் வந்த கவிதைகளின் தொகுப்பு 1962-இல் 'புதுக்குரல்கள்' என்னும் நூலாயிற்று. 1998-இல் செல்லப்பா மறைந்தார். அவருடைய 'சுதந்திர தாகம்' நாவலுக்குச் சாகித்திய அகாதமி விருது வந்தது 2001-இல்.

அவர் தம்மைப் பற்றிய விளம்பரத்தைச் சுமந்து செல்லவில்லை. எழுத்தைச் சுமந்து சென்றார் என்பதை இளையோர் கருத்தில் கொள்ள வேண்டும்.

இணையத்தில் வந்த அறுவடை

அதே உழைப்பை நம் காலத்தில் இணையத்தில் காட்டியவர் நாகர்கோவிலில் வாழும் ஜெயமோகன். 'அறம்' தொகுப்பின் கதைகளை 2011-இல் தம் வலைத்தளத்தில் அடுத்தடுத்து வெளியிட்டார். அவை நூலாயின; 2022-இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தன. மகாபாரதத்தைத் தழுவிய 'வெண்முரசு' நாவல் வரிசையை 2014 சனவரி முதல் நாளில் தொடங்கி, அத்தியாயம் அத்தியாயமாக வலைத்தளத்திலேயே வெளியிட்டு, 2020 சூலையில் 26 நாவல்களாக நிறைவு செய்தார். நாள்தோறும் காலையில் அதனை எதிர்பார்த்த வாசகர் உலகெங்கும் இருந்தனர்.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. அவருடைய 'ரப்பர்' 1990-இலும், 'விஷ்ணுபுரம்' 1997-இலும் வெளிவந்தவை. வலைத்தளம் வருமுன்னரே பல்லாண்டுப் பயிற்சி இருந்தது. இணையம் அவருக்கு வாசகரை அழைத்து வந்தது. எழுதும் ஆற்றலை அவரே தேடிக்கொண்டார்.

இதற்கு மாறான காட்சியும் உண்டு. 2003-ஐ அடுத்த ஆண்டுகளில் தமிழில் வலைப்பதிவுகள் பெருகின. அவற்றைத் திரட்டித் தர 2004-இல் 'தமிழ்மணம்' தோன்றியது. அக்காலத்துப் பதிவுகள் பலவற்றை இன்று திறந்து பார்த்தால், "வணக்கம், நானும் எழுத வந்துவிட்டேன்" என்னும் முதற்பதிவும், அதன்பின் இரண்டு மூன்று குறிப்புகளுமே எஞ்சியிருக்கும். திண்ணை கட்டியாயிற்று, வந்து அமர்ந்தவருக்குக் கொடுக்க வீட்டில் ஒன்றும் இல்லை!

செய்யத் தக்கவை

முதலாவது, தளம் திறக்குமுன் ஆறு படைப்புகளையேனும் எழுதி, திருத்தி, முடித்து வையுங்கள். பின்னர் மாதம் ஒன்றோ இரண்டோ, உங்களால் இயன்ற அளவில், தவறாது வெளியிடுங்கள். குறித்த நாளில் வரும் எழுத்தையே வாசகர் நம்பித் தேடி வருவர்.

இரண்டாவது, சொந்த இடம் தேடுங்கள். முகநூல் போன்றவை சந்தைக்கடை போன்றவை. கூட்டம் மிகுதி, ஆனால் இடம் நமதன்று. ஜியோசிட்டீஸ் 2009-இலும், கூகுள் பிளஸ் 2019-இலும் மூடப்பட்டபோது, அங்கு எழுதி வைத்தவற்றை எடுத்து வைக்காதவர் அனைத்தையும் இழந்தனர். பிளாகர், வேர்ட்பிரஸ் ஆகியவற்றில் கட்டணமின்றியே தளம் அமைக்கலாம். பின்னர் ஆண்டுக் கட்டணம் செலுத்தி, உங்கள் பெயரிலேயே முகவரி பெறலாம். முகநூலில் அதன் இணைப்பை மட்டும் தாருங்கள். ஒவ்வொரு படைப்புக்கும் தனிப்படி ஒன்று கணினியிலும், மற்றொன்று தாளிலும் இருக்கட்டும்.

மூன்றாவது, ஒருங்குறி எனப்படும் யூனிகோடு எழுத்துருவில் தட்டெழுதுங்கள். பழைய எழுத்துருக்களில் அமைந்தவற்றையும், படமாக ஒட்டிய கவிதைகளையும் தேடுபொறிகள் எளிதில் கண்டறிவதில்லை. தமிழக அரசு 1999-இல் ஏற்ற 'தமிழ் 99' விசைப்பலகையைச் சில வாரப் பயிற்சியில் கற்கலாம்.

நான்காவது, எல்லா இடத்திலும் ஒரே பெயரில் எழுதுங்கள். தளத்தில் உங்களைப் பற்றி நான்கு வரிகளும், ஒரு மின்னஞ்சல் முகவரியும் போதும். மடல் எழுதும் வாசகருக்கு மறுமொழி அளியுங்கள். ஆயிரம் விருப்பக் குறிகளினும், குறையைச் சுட்டி எழுதும் ஒரு வாசகரின் மடல் எழுத்தை வளர்க்கும்.

ஐந்தாவது, பத்திரிகைக்கோ போட்டிக்கோ அனுப்பக் கருதும் கதையை முன்னதாகத் தளத்தில் வெளியிடாதீர்கள். வேறெங்கும் வெளிவராத படைப்பையே ஏற்பது பல இதழ்களின் விதி.

உரிமையைக் காத்துக்கொள்ளுங்கள்

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, எழுதிய அக்கணமே உரிமை எழுதியவருக்கு உண்டாகிறது. பதிவு செய்வது கட்டாயமன்று. ஆசிரியரின் வாழ்நாளிலும், அவர் மறைந்தபின் 60 ஆண்டுகளும் அது நிலைக்கும். இணையத்தில் வெளியிட்டதனால் அது பறிபோவதில்லை. உரிமையைப் பிறருக்கு மாற்றுவதாயின், அது எழுத்தில், கையொப்பத்துடன் இருத்தல் வேண்டும். அவ்வொப்பந்தத்தில் காலம் குறிக்கப்படாவிடின் ஐந்தாண்டு என்றும், எல்லை குறிக்கப்படாவிடின் இந்தியா என்றும் சட்டம் கொள்ளும். "ஒப்புக்கொள்கிறேன்" என்னும் பொத்தானைத் தொடுமுன், எந்த உரிமையைக் கொடுக்கிறோம் என்று படித்துப் பாருங்கள். "உங்கள் நூலை வெளியிடுகிறோம், பணம் அனுப்புங்கள்" என்று முன்பின் அறியாதவர் அழைத்தால், எத்தனை பிரதி, என்ன விலை, யார் விற்பது என்பவற்றை எழுத்தில் கேளுங்கள். தயங்குவாராயின் விலகிவிடுங்கள்.

பெற்றோருக்கு ஒரு சொல்

அஞ்சித் தடுப்பதைவிட உடனிருந்து காப்பதே நன்று. வீட்டு முகவரி, தொலைபேசி எண், கல்லூரிக்குச் சென்று வரும் நேரம், தம்பி தங்கையரின் படங்கள் ஆகியவை தளத்தில் வேண்டாம். பெண்மக்கள் விரும்பினால் புனைபெயரில் எழுதட்டும். பின்னூட்டங்களை முன்கூட்டியே பார்த்து அனுமதிக்கும் வசதி உண்டு; அதைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். இழிசொல்லுக்கு மறுமொழி எழுதாமல் நீக்கிவிடலாம். மிரட்டலாயின் அதனைப் படியெடுத்துக் காவல்துறையிடம் கொடுக்கலாம். எல்லாவற்றிற்கும் மேலாக, உங்கள் பிள்ளையின் முதல் வாசகர் நீங்களே ஆகுங்கள். வீட்டில் கேட்க ஒருவரும் இல்லாத பிள்ளைதான் அறியாதவரின் புகழ்ச்சிக்கு மயங்குகிறது.

இளையோரே, எழுதும் பொழுதைவிட வாசிக்கும் பொழுது மிகுதியாக இருக்கட்டும். 2023 சூலை 15-இல் மதுரை புதுநத்தம் சாலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் உங்களுக்காகவே இருக்கிறது. நகருக்கு வர இயலாத உசிலம்பட்டி, மேலூர்ச் சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு 'மதுரைத் திட்டம்' உள்ளது. 1998 பொங்கல் நாளில் தொடங்கி, பல நாடுகளில் வாழும் தன்னார்வலர்கள் ஊதியமின்றித் தட்டெழுதிய பழந்தமிழ் நூல்கள், சங்கம் வளர்த்த நம் நகரின் பெயரால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

அவர்களுள் பலருடைய முகத்தை நாம் கண்டதில்லை. அவர்கள் செய்து வைத்த பணியோ நாள்தோறும் பயன்படுகிறது. நீங்களும் அவ்வாறே பயன்படும் எழுத்தைத் தாருங்கள். இவ்வாரமே ஒரு கதையை எடுத்து, மும்முறை திருத்தி முடியுங்கள். தளத்திற்குப் பெயர் சூட்டுவதை அதன்பின் பார்த்துக்கொள்ளலாம்.