மூணாவது ஆளா... நாலாவது ஆளா? அமெரிக்க செனட்டர் சூசன் காலின்ஸின் ஓட்டுக் கணக்கு சொல்வது என்ன?

2025 ஜூலை 1. அதிபர் ட்ரம்ப்பின் பிரமாண்ட வரி - செலவு மசோதா அமெரிக்க செனட்டில் இறுதி வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 50, எதிர்ப்பு 50. துணை அதிபர் ஜே.டி.வான்ஸ் தன் ஓட்டைப் போட, 51-50 என்ற கணக்கில் மசோதா பாஸ் ஆனது.

ட்ரம்ப்பின் சொந்தக் கட்சியான குடியரசுக் கட்சியில் இருந்தே 3 பேர் எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். கென்டக்கியின் ராண்ட் பால், வட கரோலினாவின் தாம் டில்லிஸ், மெய்ன் மாகாணத்தின் சூசன் காலின்ஸ். 'ட்ரம்ப்பை எதிர்த்த மூவர்' என்று அன்றைக்குத் தலைப்புச் செய்திகள் பறந்தன.

ஆனால் அதற்கு 3 நாள் முன்பு, ஜூன் 28 அன்று இன்னொரு வாக்கெடுப்பு நடந்தது. இந்த மசோதாவை விவாதத்துக்கே எடுக்கலாமா, வேண்டாமா என்பதுதான் கேள்வி. 51-49 என்று 'எடுக்கலாம்' என முடிவானது. அன்று ராண்ட் பாலும் டில்லிஸும் எதிர்த்தார்கள். காலின்ஸ்? ஆதரித்தார்.

ஒரே மசோதா. மூன்று நாள் இடைவெளி. ஒரே செனட்டரிடம் இருந்து ஒரு 'யெஸ்', ஒரு 'நோ'. காலின்ஸ் உண்மையில் எந்தப் பக்கம் என்ற கேள்வி அமெரிக்காவில் பல வருடங்களாகவே ஓடிக்கொண்டிருப்பதற்கு இதுதான் காரணம்.

யார் இந்த சூசன் காலின்ஸ்?

1952-ல் பிறந்தவர். மெய்ன் மாகாணத்தின் வடகோடியில், கனடா எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் காரிபூ என்ற சின்ன ஊர்தான் சொந்த ஊர். 1996 தேர்தலில் ஜெயித்து, 1997 ஜனவரியில் செனட்டுக்குள் நுழைந்தார். 'இரண்டு முறை மட்டும்தான் பதவியில் இருப்பேன்' என்று அப்போது சொன்னார். இப்போது நடப்பது ஐந்தாவது முறை. அரசியல்ல இதெல்லாம் சகஜம் என்று மெய்ன் மக்களும் விட்டுவிட்டார்கள் போல!

அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் விஷயம் ஒன்று உண்டு. செனட்டுக்கு வந்த நாளில் இருந்து ஒரு பெயர்ப்பதிவு வாக்கெடுப்பைக்கூட அவர் தவறவிட்டதில்லை. அதாவது, எந்தப் பிரச்னையிலும் 'அன்னைக்கு நான் ஊர்ல இல்லை' என்று நழுவ அவருக்கு வழியில்லை. எல்லாமே பதிவில் இருக்கிறது.

அவருக்கு முன்மாதிரி, அதே மெய்னில் இருந்து செனட்டரான மார்கரெட் சேஸ் ஸ்மித். தொடர்ந்து 2,941 வாக்கெடுப்புகளில் பங்கேற்று ஒருகாலத்தில் சாதனை வைத்திருந்தவர். 1950-ல், ஜோசப் மெக்கார்த்தி கண்டவர்களை எல்லாம் கம்யூனிஸ்ட் என்று முத்திரை குத்தி மிரட்டிக்கொண்டிருந்தபோது, சொந்தக் கட்சிக்காரர் என்றும் பார்க்காமல் செனட்டில் எழுந்து கண்டித்தார். காலின்ஸை மெய்ன் மக்கள் எடைபோடும்போது அந்தத் தராசும் கூடவே வந்துவிடுகிறது.

கட்சியை எதிர்த்து ஓட்டுப் போட்டால் பதவி போகாதா?

நம்ம ஊர் கணக்கில் பார்த்தால் இது ஆச்சரியம்தான். இந்தியாவில் 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போடும் எம்.பி. பதவியையே இழக்க நேரிடலாம். அமெரிக்காவில் அப்படி ஒரு சட்டம் கிடையாது. கட்சித் தலைமை கோபப்படலாம், அடுத்த தேர்தலில் உட்கட்சிப் போட்டியில் வேறு ஆளை நிறுத்தலாம். ஆனால் 6 வருடப் பதவியைப் பறிக்க முடியாது. அதனால்தான் அங்கே ஒவ்வொரு செனட்டரின் ஓட்டும் தனித்தனியாக எண்ணப்படுகிறது, அலசப்படுகிறது.

இங்கேதான் ஒரு சின்ன கணக்கைக் கவனிக்க வேண்டும். செனட்டில் மொத்தம் 100 இடங்கள். 2025-ல் குடியரசுக் கட்சிக்கு 53. எதிர்க்கட்சி மொத்தமாக எதிர்க்கும் நேரத்தில், ஆளும் தரப்பில் 3 பேர் எதிர்த்தால் 50-50. துணை அதிபர் வந்து காப்பாற்றிவிடுவார். நாலாவது ஆள் எதிர்த்தால்தான் தோல்வி. ஆக, 'எதிர்த்து ஓட்டுப் போட்டார்' என்பது மட்டும் முழுச் செய்தி இல்லை. எதிர்த்தவர்களில் அவர் மூணாவது ஆளா, நாலாவது ஆளா என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த ஓட்டின் எடை தெரியும்.

2025 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சராக பீட் ஹெக்செத் நியமனம் வந்தபோதும் இதே கதைதான். காலின்ஸ், லிசா முர்கோவ்ஸ்கி, மிட்ச் மெக்கானல் என 3 பேர் எதிர்த்தார்கள். 50-50. வான்ஸ் ஓட்டால் ஹெக்செத் அமைச்சர் ஆனார். எஃப்.பி.ஐ. இயக்குநர் காஷ் படேலை காலின்ஸும் முர்கோவ்ஸ்கியும் எதிர்த்தார்கள். 51-49 என படேல் தப்பித்தார். சுகாதார அமைச்சர் ராபர்ட் கென்னடி ஜூனியர், உளவுத்துறை இயக்குநர் துளசி கப்பார்ட் இருவருக்கும் காலின்ஸ் ஆதரவு. அந்த இரண்டிலும் கட்சியில் தனியாக நின்று எதிர்த்தவர் மெக்கானல்.

அப்படின்னா அவர் எதிர்ப்பு எல்லாம் சும்மா கணக்குக்குத்தானா?

அவசரப்பட்டு அப்படி முடிவுகட்ட முடியாது. 2017-ஐப் பாருங்கள்.

அப்போது குடியரசுக் கட்சிக்கு இருந்தது 52 இடங்கள். அதாவது, மூணாவது ஆள் எதிர்த்தாலே ஆட்டம் குளோஸ். 'ஒபாமாகேர்' எனப்படும் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை ஒழிப்பது அன்றைய ட்ரம்ப் அரசின் முதல் லட்சியம். ஜூலை 25 அன்று அதை விவாதத்துக்கு எடுக்கும் தீர்மானத்தையே காலின்ஸும் முர்கோவ்ஸ்கியும் எதிர்த்தார்கள். துணை அதிபர் மைக் பென்ஸ் ஓட்டுப் போட்டுத்தான் அது நகர்ந்தது. ஜூலை 28 அதிகாலையில் இறுதி வாக்கெடுப்பு. ஜான் மெக்கெய்ன் அவைக்கு நடுவே வந்து கட்டைவிரலைக் கீழே காட்டிய காட்சி உலகம் முழுக்க டிவியில் ஓடியது. 49-51. மசோதா காலி.

கேமரா மெக்கெய்ன் மேல் இருந்தது. ஆனால் முதல் நாளில் இருந்தே அசையாமல் நின்றது அந்த இரண்டு பெண்கள்தான். அவர்களில் ஒருவர் பின்வாங்கியிருந்தாலும் மெக்கெய்னின் கட்டைவிரலுக்கு வேலையே இருந்திருக்காது. பிறகு சொந்த மாகாணம் திரும்பிய காலின்ஸுக்கு, பாங்கோர் விமான நிலையத்தில் பயணிகள் கைதட்டி வரவேற்பு கொடுத்தார்கள்.

அந்தக் கைதட்டல் அடங்குவதற்குள் அடுத்த திருப்பம். அதே வருடம் டிசம்பரில் வந்த வரிக்குறைப்பு மசோதாவுக்கு காலின்ஸ் ஆதரவு. காப்பீடு எடுக்காதவர்களுக்கான அபராதத்தை ரத்து செய்து, ஒபாமாகேரின் ஒரு தூணையே உருவும் அம்சம் அந்த மசோதாவுக்குள் இருந்தது. பதிலுக்கு, காப்பீட்டுச் சந்தையை நிலைப்படுத்தும் மசோதாக்களைக் கொண்டுவர உதவுவதாக அன்றைய செனட் தலைவர் மெக்கானலிடம் அவர் உறுதி வாங்கியிருந்தார். வரி மசோதா சட்டமானது. உறுதியளித்த மசோதாக்கள் கடைசி வரை சட்டமாகவில்லை.

மறக்கமுடியாத அந்த 2018 ஓட்டு

காலின்ஸின் பெயரைச் சொன்னதும் அமெரிக்கர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது பிரெட் கவனாதான். உச்ச நீதிமன்ற நீதிபதியாக கவனாவை ட்ரம்ப் முன்மொழிந்தார். அவர் மீது பாலியல் அத்துமீறல் புகார் எழுந்தது, அவர் மறுத்தார். நாடே இரண்டாகப் பிரிந்து நின்றது. 2018 அக்டோபர் 5 அன்று, முக்கால் மணி நேரம் நீண்ட உரையின் முடிவில் கவனாவை ஆதரிப்பதாக காலின்ஸ் அறிவித்தார். அடுத்த சில நிமிடங்களில் ஜனநாயகக் கட்சியின் ஜோ மான்சினும் ஆதரவு தெரிவித்தார். மறுநாள் 50-48 என கவனா நீதிபதி ஆனார்.

காகிதக் கணக்கில் பார்த்தால், காலின்ஸ் எதிர்த்திருந்தாலும் மான்சின் ஆதரவோடு 50-50 வந்து, பென்ஸ் முடித்துவைத்திருக்கலாம். ஆனால் காலின்ஸ் கைவிட்ட ஒரு வேட்பாளரை, எதிர்க்கட்சிக்காரரான மான்சின் தன் தோளில் சுமந்திருப்பாரா? கஷ்டம். அந்த நியமனம் உறுதியானது அந்த முக்கால் மணி நேரத்தில்தான்.

கருக்கலைப்பு உரிமையை ஆதரிப்பவர் காலின்ஸ். அந்த உரிமையை நிலைநாட்டிய 1973 'ரோ' தீர்ப்பை கவனா மதிப்பார் என்று நம்பியே ஓட்டுப் போட்டதாகச் சொன்னார். 2022 ஜூன் 24 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தூக்கியெறிந்தது. பெரும்பான்மைத் தரப்பில் கவனாவும் இருந்தார். தன்னிடம் சொன்னதற்கும் இந்தத் தீர்ப்புக்கும் பொருந்தவில்லை என காலின்ஸ் வருத்தம் தெரிவித்தார். ஆனால் செனட்டர் ஓட்டுக்கு 6 வருடம்தான் ஆயுள். நீதிபதி பதவிக்கு ஆயுள் முழுக்க.

அந்த உரிமையைச் சட்டமாக்க ஜனநாயகக் கட்சி 2022-ல் கொண்டுவந்த மசோதாவையும், அது வரம்பு மீறிப் போகிறது என்று சொல்லி அவர் எதிர்த்தார். தன் பங்குக்கு மிதமான ஒரு மசோதாவை இரு கட்சியினரோடும் சேர்ந்து தாக்கல் செய்தார். அது வாக்கெடுப்புக்கே வரவில்லை.

இதற்கு நடுவே 2020 அக்டோபரில் ஏமி கோனி பாரெட் நியமனம். அதிபர் தேர்தலுக்கு 8 நாள்தான் பாக்கி; இந்த நேரத்தில் நீதிபதி நியமனம் கூடாது என்று காலின்ஸ் எதிர்த்தார். குடியரசுக் கட்சியில் எதிர்த்த ஒரே ஆள் அவர்தான். 52-48. நியமனத்துக்கு எந்த ஆபத்தும் இல்லை. ஆனால் அவருக்கு அன்று மறுதேர்தலும் பக்கத்தில் இருந்தது என்பதை எதிர்ப்பாளர்கள் சுட்டிக்காட்டத் தவறவில்லை.

ட்ரம்ப் விசாரணையில் என்ன செய்தார்?

2020 ஜனவரி - பிப்ரவரியில் ட்ரம்ப் மீதான முதல் பதவிநீக்க விசாரணை. சாட்சிகளை அழைக்க வேண்டும் என்று ஓட்டுப் போட்ட இரண்டே குடியரசுக் கட்சிக்காரர்களில் காலின்ஸ் ஒருவர். ஆனால் இறுதியில் ட்ரம்ப்பை விடுவிக்கவே ஓட்டுப் போட்டார். ட்ரம்ப் இதிலிருந்து பாடம் கற்றிருப்பார் என்று பேட்டியில் சொன்னது பிற்பாடு அவரையே துரத்தி வந்தது. நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு நடந்த 2021 விசாரணையில், ட்ரம்ப் குற்றவாளி என்று ஓட்டுப் போட்ட 7 குடியரசுக் கட்சியினரில் அவரும் இருந்தார். 57-43. தேவைப்பட்டது 67.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 60 ஓட்டு இல்லாமல் பெரும்பாலான மசோதாக்கள் செனட்டில் நகராது. அப்படிப்பட்ட நேரங்களில் இரு கட்சிக்கும் நடுவே பாலம் போடும் வேலையில் காலின்ஸ் கில்லாடி. 2021 உள்கட்டமைப்புச் சட்டம், 2022-ல் தன்பாலினத் திருமணத்துக்குப் பாதுகாப்பு தந்த சட்டம் இரண்டிலும் பேச்சுவார்த்தை மேசையில் அவர் இருந்தார். திருமணச் சட்டம் 61-36 என நிறைவேறியது. 'நோ' ஓட்டுகளைவிட, சத்தமில்லாத இந்த வேலைகள்தான் சட்டப்புத்தகத்தில் நிலைத்து நிற்கின்றன. தலைப்புச் செய்திதான் கிடைக்காது!

மறுபடி அந்த ஜூலை 1-க்கு வருவோம்

மெய்ன், அமெரிக்காவிலேயே வயதானவர்கள் விகிதம் அதிகமுள்ள மாகாணங்களில் முன்னணியில் இருப்பது. கிராமத்து மருத்துவமனைகள் பல, ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான 'மெடிகெய்ட்' பணத்தை நம்பித்தான் ஓடுகின்றன. அதில்தான் ட்ரம்ப்பின் மசோதா கைவைத்தது. பாதிப்பை ஈடுகட்ட, கிராமப்புற மருத்துவமனைகளுக்கு முதலில் 2,500 கோடி டாலர் நிதி என்றார்கள். அதை 5,000 கோடியாக்க வேண்டும், அதற்குப் பெரும் பணக்காரர்களுக்கு வரியை ஏற்றலாம் என்று காலின்ஸ் திருத்தம் கொண்டுவந்தார். 22-78 எனத் தோற்றது.

ஆனால் கடைசியில் நிறைவேறிய மசோதாவில் கிராமப்புற நிதி 5,000 கோடி டாலராகவே இருந்தது. அதாவது, அவர் கேட்ட தொகை வந்தது. கேட்ட வரி வரவில்லை. மெடிகெய்ட் வெட்டும் அப்படியே இருந்தது. இறுதி ஓட்டில் அவர் 'நோ'. அலாஸ்காவுக்குச் சில சலுகைகளை வாங்கிக்கொண்ட முர்கோவ்ஸ்கி 'யெஸ்'. நாலாவது ஆள் வரவில்லை.

ஜூன் 28 அன்றே காலின்ஸ் எதிர்த்திருந்தால்? அப்போதும் 50-50 தான். வான்ஸ் தயாராகவே இருந்தார். ஆக, அன்று 'யெஸ்' சொன்னதால் அவர் மசோதாவைக் காப்பாற்றினார் என்றும் சொல்ல முடியாது. மூன்று நாள் கழித்து 'நோ' சொன்னதால் தடுத்தார் என்றும் சொல்ல முடியாது. விமர்சகர்கள் கேட்பது வேறு: செனட்டின் செலவு ஒதுக்கீட்டுக் குழுவுக்கே தலைவர் அவர். அந்தப் பதவியின் பலத்தை வைத்து, நாலாவது ஆளைத் தேடிப் பிடித்தாரா?

அந்தப் பதவிக்கும் இப்போது சோதனை. நாடாளுமன்றம் ஏற்கெனவே ஒதுக்கிய சுமார் 900 கோடி டாலரை (வெளிநாட்டு உதவி, பொது ஒலிபரப்பு) ட்ரம்ப் அரசு திரும்பப் பெற்றபோது, 2025 ஜூலையில் காலின்ஸும் முர்கோவ்ஸ்கியும் எதிர்த்தார்கள். 51-48 எனத் தோற்றார்கள். ஒதுக்கீட்டுக் குழுத் தலைவரே எதிர்த்தும், ஒதுக்கிய பணம் கைவிட்டுப் போனது.

மெய்ன் மக்கள் என்ன நினைக்கிறார்கள்?

2018 கவனா ஓட்டுக்குப் பிறகு, அவரைத் தோற்கடிக்க ஆன்லைனில் மட்டும் 30 லட்சம் டாலருக்கு மேல் திரண்டது. 2020-ல் எதிர்த்து நின்ற சாரா கிடியன், காலின்ஸைவிட இரு மடங்குக்கும் மேல் நிதி திரட்டினார். கருத்துக்கணிப்புகளும் கிடியன் பக்கமே சாய்ந்தன. முடிவு? அதிபர் ஓட்டில் பைடன் சுமார் 9 சதவிகிதப் புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்த அதே மெய்னில், செனட் ஓட்டில் காலின்ஸும் ஏறக்குறைய 9 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார். ஒரே வாக்குச்சீட்டில் பைடனுக்கும் காலின்ஸுக்கும் டிக் அடித்தவர்கள் அத்தனை பேர்.

அந்த இடத்துக்கு அடுத்த தேர்தல் 2026 நவம்பர் 3. கிராமத்து மருத்துவமனைகளின் நிதி நிலைமை அந்தப் பிரசாரத்தில் பேசுபொருளாக இருக்கும். ஜூலை 1 ஓட்டை காலின்ஸ் தரப்பு காட்டும். ஜூன் 28 ஓட்டை எதிர்த்தரப்பு காட்டும்.