ஜூலியட் பால்கனி: கண்ணாடிக்குக் காசு, ஆணிக்குக் கஞ்சத்தனம்

போசரி எம்.ஐ.டி.சி.யில ஆணி பிடுங்குற நம்ம மக்களைப் பத்தி எனக்கு ஒரு தீராத சந்தேகம். கம்பெனிக்குள்ள ஒரு எம்8 போல்ட் வரணும்னா டிராயிங் கேட்போம், மெட்டீரியல் சர்டிபிகேட் கேட்போம், டார்க் ரெஞ்ச் வச்சு இறுக்கி, பெயின்ட்ல ஒரு கோடு இழுத்து, கையெழுத்தும் வாங்குவோம். ஒரு பேப்பர் குறைஞ்சா சப்ளையரோட டெம்போவை கேட்லயே நிறுத்திடுவோம். அதே ஆள் வீட்டுக்கு வந்ததும், ஆறாவது மாடியில தன் பிள்ளை சாஞ்சு நிக்கப்போற கண்ணாடியை மாட்ட வந்தவர்கிட்ட கேட்கிறது ஒரே கேள்வி: "ஸ்கொயர் ஃபீட் என்ன ரேட்? லாஸ்ட்டா சொல்லுங்க!"

இந்தப் புத்தி எங்கே போகுதுங்கிறதுதான் மேட்டர்.

ஜூலியட் பால்கனி தெரியாதவங்களுக்கு: கால் வைக்க இடமே இல்லாத பால்கனி அது. தரை வரைக்கும் ஸ்லைடிங் கதவு, அதை ஒட்டியே வெளிப்பக்கம் ஒரு தடுப்பு. அவ்வளவுதான். (ஷேக்ஸ்பியர் நாடகத்துல பால்கனிங்கிற வார்த்தையே கிடையாது. ஜூலியட் நின்னது ஜன்னல்ல. அந்தப் பொண்ணு பேரை வச்சு வியாபாரம் மட்டும் ஜோரா நடக்குது.) மோஷி, சரோளி பக்கம் புது டவர்கள்ல பில்டரே "பிரெஞ்ச் விண்டோ"ன்னு இதைப் போட்டுத் தர்றாங்க. பழைய சொசைட்டியில இருக்கிறவங்க அதைப் பார்த்து ஆசைப்பட்டு, ஹால் ஜன்னலுக்குக் கீழ இருக்கிற சுவரை இடிச்சு மாட்டிக்கிறாங்க. ஆசையில தப்பில்ல. வெளிச்சம் வரும், காத்து வரும், ஊர்ல இருந்து வர்ற மாமனார் பார்த்துட்டு "பரவால்லையே மாப்ளே" என்பார்.

ஆனா ஒண்ணை மறந்துடறோம். சாதாரண பால்கனியில கண்ணாடி உடைஞ்சாலும் பின்னாடி நகர உங்க காலுக்குக் கீழ நாலடி சிலாப் இருக்கு. இதுல கதவைத் திறந்தா அடுத்தது காத்துதான். அந்தக் கண்ணாடி ஷோகேஸ் இல்லை மக்களே, சுவருக்குப் பதிலா நிக்கிற தடுப்பு. திரைச்சீலை வாங்குற மாதிரி அதை வாங்குறதுதான் எல்லாத் தப்புக்கும் தாய்.

முதல் தப்பு, "12 எம்.எம். டஃபண்ட் சார், யானை மிதிச்சாலும் உடையாது"ங்கிறதை நம்புறது. டஃபண்ட் கண்ணாடி சாதாரணக் கண்ணாடியை விட நாலஞ்சு மடங்கு பலம், நிஜம்தான். ஆனா உடைஞ்சா மொத்தமும் ஒரே நொடியில கற்கண்டு மாதிரி உதிர்ந்துடும். தடுப்பு இருந்த இடத்துல ஓட்டைதான் மிஞ்சும். அதுவும் யாரும் தொடாமலே உடையலாம். கண்ணாடிக்குள்ள மாட்டிக்கிட்ட நிக்கல் சல்ஃபைடு துகள் மாசக்கணக்குல, வருஷக்கணக்குலகூட மெதுவா விரிஞ்சு ஒருநாள் வெடிக்க வச்சிடும். இதை முன்கூட்டியே வடிகட்டத்தான் ஹீட் சோக் டெஸ்ட்னு ஒண்ணு இருக்கு. கேட்டிருக்கீங்களா? உங்க ஃபேப்ரிகேட்டர் கேள்விப்பட்டிருப்பாரா?

இங்கே தேவை லேமினேட்டட். ரெண்டு கண்ணாடி, நடுவுல ஒட்டுப்படலம். ஒண்ணு உடைஞ்சாலும் துண்டுகள் படலத்துலயே ஒட்டிக்கிட்டு நிக்கும், கீழே போறவங்க தலையில கொட்டாது. மேலே ஒரு கைப்பிடிக் குழாயும் போட்டுட்டா, கண்ணாடி போனாலும் பிடிச்சுக்க ஏதோ இருக்கும். "கைப்பிடி போட்டா லுக் போயிடும்"னு சொல்ற தங்கமணிகளும் ரங்கமணிகளும் மன்னிக்கணும். லுக்கா, ஆளா?

"எங்க பில்டிங்ல பத்து வீட்டுல இதேதான் இருக்கு, என்ன ஆச்சு?"னு ஒரு கேள்வி வரும். ஸ்கார்பரோல இருக்கிற சொந்தக்காரங்களைக் கேளுங்க. 2011ல டொரன்டோவுல பல அடுக்குமாடிகளோட பால்கனிக் கண்ணாடி உடைஞ்சு தெருவுல விழுந்துச்சு. எல்லாம் புதுக் கட்டடங்கள். 2012 ஜூலையிலயே ஒன்டாரியோ அரசு கட்டட விதியை மாத்தி, தரை விளிம்புல நிக்கிற தடுப்புக்கு லேமினேட்டட் கண்ணாடின்னு கட்டாயம் பண்ணிட்டாங்க. ஜூலியட் பால்கனி நிக்கிறதே விளிம்புலதான்.

ரெண்டாவது தப்பு, தலைப்புல சொன்ன ஆணி. ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஐ.எஸ். 875 இரண்டாம் பாகத்துப்படி வீட்டு பால்கனித் தடுப்பு மீட்டருக்கு 0.35 கிலோநியூட்டன் தள்ளுவிசையைத் தாங்கணும். அதாவது சுமார் 35 கிலோ. கண்ணாடியை அடியில மட்டும் பிடிச்சிருந்தா, 1.1 மீட்டர் உயரத்துல தள்ளுற அந்த 35 கிலோ, 10 செ.மீ. இடைவெளியில இருக்கிற அடிப் போல்ட்டுக்கு வரும்போது 11 மடங்காகி 380 கிலோவைத் தாண்டிடும். பள்ளிக்கூடத்துல படிச்ச அதே நெம்புகோல்தான். இந்த இழுப்பை ஏ.ஏ.சி. பிளாக்லயோ நாலு இஞ்ச் செங்கல் சுவர்லயோ அடிச்ச டேஷ் ஃபாஸ்டனர் தாங்குமா? அதுலயும் வெளிப்பூச்சே 20 மி.மீ.க்கு மேல இருக்கும். ஃபாஸ்டனர் நீளத்துல அந்த அளவு பூச்சுக்குள்ளேயே வீணாப் போகும்.

அதனால முதல்ல கேட்க வேண்டியது "எதுல அடிக்கப் போறீங்க?" கான்கிரீட்டா, செங்கல்லா, பிளாக்கா? அடியில மட்டும் பிடிக்காம ரெண்டு பக்கமும் பிடிக்க முடியுமா? பிளாக் சுவர்னா கெமிக்கல் ஆங்கரா, சுவரைத் துளைச்சு உள்பக்கம் தகடு வச்சு முறுக்கப் போறாங்களா? சுவர் ஓரத்துல இருந்து ஓட்டை எவ்வளவு தள்ளி? பதில் "டென்ஷன் மத் லோ சாப்"னு வந்தா, அப்பத்தான் டென்ஷன் ஆகணும். :-)

மூணாவது, உயரம். தேசிய கட்டடக் குறியீடு 1 மீட்டருக்குக் குறையக்கூடாதுங்குது. இங்கிலாந்துல 1.1 மீட்டர். அங்கே 10 செ.மீ. உருண்டை நுழையுற இடைவெளியும் எங்கேயும் இருக்கக்கூடாது. குழந்தை தலைக்கான கணக்கு அது. நம்ம ஆளுங்க அளவெடுக்கிறது பழைய தரையில இருந்து. அப்புறம் பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டுவாங்க, ரெண்டு மூணு செ.மீ. அங்கேயே போச்சு. ஜன்னல் சுவரை முழுசா இடிக்காம ஒரு அடி விட்டுட்டு, அதுக்கு மேல கண்ணாடி வைக்கிறதும் உண்டு. பாட்டி உட்காரத் திண்ணையாம். மூணு வயசுப் பிள்ளைக்கு அது ஏணி. உயரத்தை அந்தத் திண்ணை மேல இருந்து அளக்கணும்.

நாலாவது, எஸ்.எஸ். கிரேடு. காந்தத்தை வச்சுக் காட்டி "பாருங்க ஒட்டலை, 304"ம்பாங்க. 202லயும் காந்தம் ஒட்டாது! இன்கமிங் இன்ஸ்பெக்‌ஷன்ல வேலை பார்க்கிறவங்களே இதுல தலையாட்டுறதைப் பார்த்திருக்கேன். கிரேடு பார்க்கிற டெஸ்டிங் கிட்டை ரெண்டு சொட்டு விட்டா விஷயம் வெளுத்துடும். சென்னையில பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி கடலோரம்னா 304 கூடப் போதாது, 316 கேளுங்க. காத்தும் அங்கே வேற. ஐ.எஸ். 875 மூணாம் பாகத்துல புனேவுக்கு அடிப்படைக் காத்து வேகம் விநாடிக்கு 39 மீட்டர், சென்னைக்கு 50. அழுத்தம் வேகத்தோட வர்க்கத்துல ஏறும், அதனால சென்னையில ஒன்றரை மடங்குக்கும் மேல. புனே சாம்பிளை அப்படியே ஊருக்கு அனுப்பி "இதே மாதிரி போடுங்க"ன்னு அப்பாவுக்குச் சொல்லாதீங்க.

சின்னச் சின்னதா இன்னும் சில: கண்ணாடி இரும்பை நேராத் தொடக்கூடாது, நடுவுல ரப்பரோ நைலானோ வேணும். டஃபண்ட் ஆன பிறகு ஓட்டை போட முடியாது, அளவு தப்புனா புதுக் கண்ணாடிதான். வினிகர் வாசம் அடிக்கிற சிலிக்கான் லேமினேட்டட் விளிம்புக்கு ஆகாது, நியூட்ரல் வாங்குங்க. கண்ணாடி மூலையில ஐ.எஸ். 2553 முத்திரை இருக்கான்னு பாருங்க.

சுவரை இடிக்கிறதுக்கு முன்னாடி சொசைட்டி அனுமதியும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கையெழுத்தும் வாங்குங்க. மிவான் முறையில கட்டின டவர்கள்ல அந்தச் சுவரே கட்டடத்தைத் தாங்குற கான்கிரீட். கை வச்சா உங்க வீடு மட்டும் இல்ல, பதினாலு மாடிக்கும் சேர்த்துக் கை வைக்கிறீங்க.

பில்டரே போட்டுக் கொடுத்ததா இருந்தா, ரெரா சட்டம் 14(3) உங்க கையில இருக்கு. வீட்டை ஒப்படைச்ச நாள்ல இருந்து 5 வருஷத்துக்குள்ள கட்டுமானத்துலயோ வேலைத்தரத்துலயோ குறை காட்டினா, 30 நாள்ல சொந்தச் செலவுல சரிசெய்யணும். எழுத்துல கேளுங்க. "வெளியூர்க்காரங்க, எதுக்கு வம்பு"ன்னு நாம வாயை மூடிக்கிறதுலதான் அவங்க பிழைப்பே ஓடுது. ஈ.எம்.ஐ. கட்டும்போது யாரும் நம்மளை வெளியூர்க்காரங்கன்னு தள்ளுபடி பண்றதில்லையே!

இவ்வளவும் பண்ணினா செலவு எகிறுமேன்னு கேட்டா, ஆமா எகிறும். கட்டுப்படியாகலைன்னா கண்ணாடி வேண்டாம். 10 செ.மீ.க்குக் குறைவா இடைவெளி விட்டு நேர்க்கம்பி வச்ச இரும்புத் தடுப்பு போடுங்க, பவுடர் கோட்டிங் அடிங்க. அதுவும் ஜூலியட் பால்கனிதான், காத்தும் வெளிச்சமும் அதே அளவுதான் வரும். அரைகுறைக் கண்ணாடியை விட அது ஆயிரம் மடங்கு மேல்.

பி.கு: கண்ணாடி கிளாம்ப்புல துணி காயப்போடக் கொடி கட்டுறவங்களுக்கு: அதுக்குத்தான் கிச்சன் பக்கத்துல டிரை பால்கனி இருக்கு, புண்ணியவான்களே.