பிறையைக் காட்டுவது கண்ணா, தாளா?

சென்ற திங்கள் வகுப்பில், "நேற்று மாலை பிறையைக் கண்டவர் யார்?" என வினவினேன். ஒரு கையும் எழவில்லை. கடைசி வரிசை மாணவன் ஒருவன் மட்டும் எழுந்து, "ஐயா, நாட்காட்டிப்படி சந்திர தரிசனம் நேற்றே முடிந்துவிட்டது" என்றான். பிள்ளைமேற் பிழையில்லை. தாளைக் கிழிப்பதே காட்சி என்று பழக்கியவர் நாமே.

தரிசனமாம்! யார் கண்டது? எவரோ கணக்கிட்டு அச்சடித்ததற்குக் காட்சி என்று பெயர், அதுவும் வடசொல்லில்! பாவாணர் 1902-இற் பிறந்த இச்சங்கரன்கோவிலிலும் வீட்டுக்கு வீடு அத்தாளே தொங்குகிறது.

"சொல் எதுவானால் என்ன? நிலா ஒன்றுதானே?" என்பார் உளர். அன்பரே, நம் முன்னோர் இட்ட பெயர் மூன்றாம் பிறை. அப்பெயருக்குள் ஓர் அளவை இருக்கிறது. மதி கதிரவனை விட்டு நாளொன்றுக்கு ஏறத்தாழ 12 பாகை விலகும். 7 பாகைக்குள் நின்றால் ஒளிக்கீற்றே புலப்படாது என்று பிரஞ்சு வானூலறிஞர் தாஞ்சோன் 1930-களிற் கூறினார். 12 பாகையிலும் மதிவட்டத்தில் நூற்றிலொரு பங்கே ஒளிரும். அதையும் அந்தியொளி விழுங்கப் பார்க்கும். ஆகவே காருவா நாளை ஒன்றென எண்ணினால், இரண்டாம் மாலை ஐயத்திற்குரியது. மூன்றாம் மாலையே உறுதி. மதி கதிரவனைக் கடந்து 15½ மணி நேரமே ஆன பிறையை 1990-இல் அமெரிக்கர் ஓமேரா வெறுங்கண்ணாற் கண்டது அருஞ்செயல். ஊரார் கண்ணுக்கு அது விதியாகாது. மூன்று என்று எண்ணியவர் பார்த்து எண்ணியவர். தரிசனம் என்ற சொல்லில் எந்த எண் இருக்கிறது?

குறுந்தொகையின் 307-ஆம் பாட்டு, செவ்வானத்திற் பலரும் தொழத் தோன்றும் பிறைக்கு உடைந்த வளையை உவமை சொல்கிறது. தாளைப் பார்த்தவனுக்கு வாய்க்கும் உவமையா அது?

நம்மூர்க்கு மேற்கே மலைத்தொடர் நிற்கிறது. கதிரவனை ஒட்டியே இறங்கும் இளம்பிறை, அடிவானைத் தொடுமுன்னரே மலைக்குப் பின்னால் மறைந்துவிடும். அச்சகத்தான் இதை அறிவானா? இசுலாமிய உடன்பிறப்புகளோ நோன்புக்கு இன்றும் 'பிறை பார்க்கிறார்கள்'. சொல்லும் தமிழ், செயலும் பார்வை. அவர்களிடம் நாம் கற்கலாம், வெட்கமில்லை.

வரும் காருவாவுக்குப் பின் மூன்றாம் மாலை, கதிர் மறைந்து அரைமணிக்குள், மாணவரைப் பள்ளி மாடிக்கு அழைத்துச் செல்லவிருக்கிறேன். மேகம் மறைத்தால் 'காணவில்லை' என்றே எழுதச் சொல்வேன்.