2 நிமிடம் ஓட்டினால் மக்கர் பண்ணும் ஸ்போர்ட்ஸ் கார்: தப்பு காரிலா, ஓட்டுபவரிடமா?

ஞாயிற்றுக்கிழமை காலை. வாசலில் நிற்கும் காரைக் கழுவ வேண்டும். ஸ்டார்ட் செய்து, நாலடி பின்னால் எடுத்து, ஆஃப் செய்கிறீர்கள். மொத்தமே 20 விநாடிதான். கழுவித் துடைத்துவிட்டு மறுபடி சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் எடுக்கவே மாட்டேங்குது. பேட்டரி இறங்கும் வரை முயன்றும் பலனில்லை. நேற்றுவரை 9,000 ஆர்பிஎம் வரை சீறிய கார் அது!

மாஸ்டா ஆர்எக்ஸ்-8 வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன கதை. 2003 முதல் 2012 வரை தயாரான இந்த ஸ்போர்ட்ஸ் காருக்கு 'அழகானது, ஆனால் நம்ப முடியாது' என்று பெயர். மாஸ்டா கார்கள் இந்தியாவில் அதிகாரப்பூர்வமாக விற்பனைக்கு வந்ததில்லை. நமக்கு அந்தப் பெயர் சுவராஜ் மாஸ்டா வேன் வழியாகத்தான் பழக்கம். ஆனால் லண்டனிலோ மெல்போர்னிலோ வேலை பார்க்கும் உங்கள் நண்பர், 'இவ்வளவு சீப்பா ஒரு ஸ்போர்ட்ஸ் கார் கிடைக்குதுடா' என்று போட்டோ அனுப்பினால், அது இந்தக் காராக இருக்க வாய்ப்பு அதிகம். அவருக்கு என்ன பதில் சொல்வீர்கள்?

என் பதில் இது: 'நம்ப முடியாத கார்' என்பது பாதி உண்மைதான். மீதிப் பாதியை யாரும் வாங்குபவரிடம் சொல்வதில்லை. அதில்தான் பலரின் சேமிப்பு கரைகிறது.

அப்படி என்ன இன்ஜின் இது?

சாதாரண கார் இன்ஜினில் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும். ஆர்எக்ஸ்-8-ல் பிஸ்டனே கிடையாது. முக்கோண வடிவ ரோட்டர்கள் இரண்டு, முட்டை வடிவ அறைகளுக்குள் சுற்றுகின்றன. ரோட்டரி அல்லது வாங்கெல் இன்ஜின் என்பது இதுதான். வெறும் 1,308 சிசி. ஆனால் உயர்ரக மாடலில் சுமார் 230 குதிரைத்திறன். அறிமுகமான 2003-லேயே சர்வதேச அளவில் 'ஆண்டின் சிறந்த இன்ஜின்' விருதையும் வாங்கியது.

சிக்கல் எங்கே? முக்கோணத்தின் மூன்று முனைகளிலும் மெல்லிய சீல்கள் உள்ளன. அவை அறைச் சுவரை உரசிக்கொண்டே சுற்ற வேண்டும். அவற்றுக்கு வழவழப்பு கொடுக்க, இன்ஜினே கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலை உள்ளே செலுத்தி எரிக்கிறது. அப்பா காலத்து ஆர்எக்ஸ் 100-க்கு 2டி ஆயில் ஊற்றியது ஞாபகம் இருக்கா? கிட்டத்தட்ட அதே கதைதான். ஆக, ஆயில் குறைவது இங்கே கோளாறு கிடையாது, டிசைனே அப்படி. பெட்ரோல் போடும் ஒவ்வொரு இரண்டாவது முறையும் ஆயில் ஸ்டிக்கை எடுத்துப் பார்க்காமல் விட்டால்தான் கோளாறு.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். குளிர்ந்த இன்ஜினுக்குள் பெட்ரோல் கூடுதலாகப் போகும். சூடேறும் முன்பே ஆஃப் செய்தால், எரியாத பெட்ரோல் உள்ளேயே தங்கி, சீல்கள் மீதிருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிவிடும். கம்ப்ரஷன் போய்விடும். அப்புறம் எப்படி ஸ்டார்ட் ஆகும்?

ஸ்டார்ட் ஆகலையா? முதலில் ஒரு கேள்வி

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது எடுக்கவில்லையா, சூடாக இருக்கும்போதா? இந்த ஒரு கேள்விக்கான பதிலில் பெரிய செலவா சின்ன செலவா என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

குளிர்ந்த நிலையில் எடுக்கவில்லை என்றால், பெட்ரோல் தேங்கியிருக்கலாம். பேட்டரியோ செல்ஃப் மோட்டாரோ பலவீனமாக இருக்கலாம். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி சில விநாடிகள் செல்ஃப் அடித்தால், பெட்ரோல் வருவது நிறுத்தப்பட்டு, தேங்கியது வெளியேறும். பிறகு காலை எடுத்துவிட்டு முயலலாம். பேட்டரி நல்ல சார்ஜில் இருப்பது முக்கியம். விடாமல் அடித்துக்கொண்டே இருந்தால் செல்ஃப் மோட்டாரும் சேர்ந்து போகும்.

காலையில் ஜோராக ஸ்டார்ட் ஆகி, பெட்ரோல் பங்கில் நிறுத்திய பிறகு சூட்டோடு எடுக்க மறுக்கிறதா? அது கெட்ட செய்தி. சீல்கள் தேய்ந்து கம்ப்ரஷன் குறைந்திருப்பதன் முக்கிய அறிகுறி அது.

மூன்றாவது, ஓடும்போது திக்கித் திணறுவது. பெரும்பாலும் இக்னிஷன் காயில்தான் காரணம். இந்த இன்ஜினில் நான்கு காயில், நான்கு ஸ்பார்க் பிளக். காயில்கள் இந்தக் காரின் நிஜமான பலவீனம். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போட்டால், எரியாத பெட்ரோல் புகைபோக்கி வழியிலுள்ள கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குப் போய் எரியும். அது உருகி அடைபடும். வெளியேற வழியில்லாத சூடு இன்ஜினுக்கே திரும்பும், சீல் காலி. நான்கு காயிலோடு முடியவேண்டிய செலவு இன்ஜினில் போய் முடிவது இப்படித்தான். மாற்றும்போது காயில், வயர், பிளக் எல்லாவற்றையும் செட்டாக மாற்றிவிடுவது நல்லது. பிளக்கில் இரண்டு வகை உண்டு, இடம் மாற்றிப் போட்டுவிடக் கூடாது.

பொத்திப் பொத்தி வைத்தால் கெட்டுப்போகும்

இந்தக் காரை ரொம்ப மென்மையாக ஓட்டினாலும் ஆபத்து. குறைந்த வேகத்தில், குறைந்த தூரம் மட்டுமே ஓட்டினால் உள்ளே கார்பன் படியும். அதனால்தான், நன்றாகச் சூடேறிய பிறகு தினமும் ஒருமுறையாவது ரெட்லைன் வரை முடுக்கச் சொல்வார்கள் அனுபவசாலிகள்.

1991-ல் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற மாஸ்டா 787பி-யில் இருந்ததும் ரோட்டரி இன்ஜின்தான். அது நான்கு ரோட்டர் கொண்ட பந்தய இன்ஜின், ஆர்எக்ஸ்-8 உடன் நேராக ஒப்பிட முடியாது. ஆனாலும் ஒன்று புரிகிறது. ஒரு நாள் முழுக்க முடுக்கினாலும் தாங்கக்கூடிய தொழில்நுட்பம், பால் பாக்கெட் வாங்கப் போனால் படுத்துவிடுகிறது.

அப்போ தப்பு ஓனர் மேலயா?

இங்கேதான் அனுபவசாலிகளோடு நான் முரண்படுகிறேன். 'ஓட்டத் தெரியாதவங்க வாங்கினா இப்படித்தான்' என்று சொல்வது சுலபம். ஆனால் ஆர்எக்ஸ்-8 எப்படி விற்கப்பட்டது? நான்கு பேர் உட்காரலாம், பின் சீட்டுக்கும் தனிக் கதவு, அன்றாடம் பயன்படுத்தக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார் என்றுதானே? அதை நம்பி வாங்கியவர் தெருமுனைக் கடைக்கு எடுத்துப் போனால், அது அவர் தப்பா?

மாஸ்டாவுக்கும் இது தெரியாமல் இல்லை. அமெரிக்காவில் 2004–2008 மாடல்களுக்கு இன்ஜின் வாரண்டியை 8 ஆண்டு அல்லது 1 லட்சம் மைல் என்று நீட்டித்தது. முன்னுதாரணமும் கண்முன் இருந்தது. 1967-ல் ஜெர்மனியின் என்எஸ்யு நிறுவனம் ஆர்ஓ 80 என்ற ரோட்டரி காரைக் கொண்டுவந்தது. மறு ஆண்டே ஐரோப்பாவின் 'ஆண்டின் சிறந்த கார்' விருது. ஆனால் சீல்கள் தேய்ந்து, வாரண்டிச் செலவு நிறுவனத்தை உலுக்கியது. 1969-ல் என்எஸ்யு, ஃபோக்ஸ்வாகன் குழுமத்துக்குள் போனது.

புதிதாக வாங்கியவருக்காவது வாரண்டி இருந்தது. இரண்டாவது, மூன்றாவது ஓனருக்கு? விலை குறைந்த பிறகு காரை வாங்குபவர் பெரும்பாலும் கையில் காசு குறைவாக இருக்கும் இளைஞர்தான். இன்ஜினைப் பிரித்து மறுபடி கட்டும் செலவு, அவர் காருக்குக் கொடுத்த விலையையே தாண்டிவிடலாம்.

அந்த நண்பருக்கு என்ன சொல்லலாம்?

வாங்கும் முன் கம்ப்ரஷன் டெஸ்ட் கட்டாயம். சாதாரண கேஜ் உதவாது. ஒவ்வொரு ரோட்டரிலும் மூன்று அறைகளையும் தனித்தனியாகக் காட்டும் ரோட்டரி டெஸ்டர் வேண்டும், இன்ஜின் சூடாக இருக்க வேண்டும். மாஸ்டா சொல்லும் குறைந்தபட்ச அளவு, 250 ஆர்பிஎம்-ல் 680 கிலோபாஸ்கல். 'அதெல்லாம் எதுக்கு பாஸ், வண்டி சூப்பரா இருக்கு' என்று விற்பவர் மழுப்பினால், நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பலாம். காயில் எப்போது மாற்றினார்கள் என்று பில்லோடு கேளுங்கள். சூட்டோடு ஆஃப் செய்து, ஐந்து நிமிடம் கழித்து உங்கள் கையால் ஸ்டார்ட் செய்து பாருங்கள்.

முக்கியமாக, இன்ஜின் செலவுக்கான பணம் தனியாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். ஆபீஸ் போகவும் வர இருப்பது இந்த ஒரே வண்டி என்றால் வேண்டவே வேண்டாம்.

நம் ஊரில் புது ஹேட்ச்பேக் விலைக்குப் பழைய ஜெர்மன் கார் தேடுபவர்களுக்கும் இதே பேச்சுதான். கார் மலிவாகக் கிடைக்கலாம், அதன் ஸ்பேர் பார்ட்ஸ் மலிவாகாது. விலை ஏன் இவ்வளவு குறைந்தது என்று விற்பவர் நேர்மையாகச் சொன்னால், அந்தக் காரை ஆசையோடு வாங்கிப் பார்த்துக்கொள்ளவும் ஆட்கள் இருப்பார்கள். சொல்லாமல் தலையில் கட்டுவதுதான், நல்ல காருக்குக்கூடக் கெட்ட பெயர் வாங்கித் தருகிறது.