மியூனிக்கில் ஆளில்லாத ஒரு சந்து



கடிகாரப் பொம்மை பார்க்கவா மியூனிக் போகிறீர்கள்? மரியன்பிளாட்ஸில் அதைப் படமெடுக்க அத்தனை கூட்டம். சற்றுத் தள்ளி விஸ்கார்டி சந்து. நான் நடந்தபோது அங்கே ஒருவருமில்லை!

1933க்குப் பிறகு, ஃபெல்ட்ஹெர்ன்ஹாலே மண்டபத்தின் நாஜி நினைவிடத்தைக் கடப்பவர்கள் கை உயர்த்தி வணக்கம் வைத்தாக வேண்டும். மனமில்லாதவர்கள் இந்தச் சந்துக்குள் திரும்பிப் போனார்கள். அவர்கள் நினைவாகத் தரையில் வெண்கலத் தடம் பதித்திருக்கிறார்கள்.

'நழுவுகிறவர்கள் சந்து' என்று அதற்குக் கேலிப் பெயர். நான் ஒப்பமாட்டேன். ஊரே கை தூக்கும்போது தூக்காமல் இருக்கவும் துணிவு வேண்டும். "கேள்வி கேட்காதே, கைகட்டி நில்" என்று உங்களை அதட்டிய நான் இதைத் தாமதமாகத்தான் கற்றேன்.

போனால் அந்தத் தடத்தைப் படமெடுங்கள். பிள்ளைகளுக்குக் காரணமும் சொல்லுங்கள்.