யமஹாவா, மெர்க்குரியா? அதற்கு முன் இன்னொரு கேள்வி

சிம்கோ ஏரியில் பனி உடையத் தொடங்கினால் போதும், எங்கள் வட்ஸ்அப் குழுவில் பழைய சண்டையும் தொடங்கிவிடும். யமஹாவா, மெர்க்குரியா, சுசுக்கியா, ஹொண்டாவா? யாரோ ஒருவர் இரண்டு மூன்று நண்பர்களோடு காசு சேர்த்துப் பதினான்கு அடி அலுமினியப் படகு ஒன்று வாங்கியிருப்பார். பின்னால் பூட்ட ஒரு அவுட்போர்ட் என்ஜின் வேண்டும். உடனே ஆளுக்கொரு யூடியூப் வீடியோ வந்து விழும். தொஹாட்சு என்று யாராவது சொன்னால் சிரிக்கும் பொம்மை போடுவார்கள்.

நான் இந்தச் சண்டையில் எந்தப் பக்கமும் இல்லை. இந்த ஐந்து கம்பனிகளும் செய்யும் சின்ன நாலு ஸ்ட்ரோக் என்ஜின்களில் எதையும் மோசம் என்று ஒதுக்க முடியாது. என் கேள்வி வேறு. உங்கள் வீட்டிலிருந்தோ ஏரியிலிருந்தோ ஒரு மணி நேர ஓட்டத்துக்குள், என்ஜினைத் திருத்தத் தெரிந்த, உதிரிப்பாகம் வாங்கி வைத்திருக்கிற கடை எது? அந்தக் கடை எந்த என்ஜினை விற்கிறதோ அதை வாங்குங்கள். 2020 தொடக்கம் 2022 வரை நடந்ததைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். உங்களில் பலர் அப்போது ஏழாம் எட்டாம் வகுப்பில் ஸூமில் இருந்திருப்பீர்கள், அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

கோவிட் வந்து விமானமும் இல்லை, கலியாண வீடும் இல்லை என்று ஆனபோது, வட அமெரிக்காவில் கையில் காசு இருந்தவர்கள் ஏரிப்பக்கம் திரும்பினார்கள். 2020இல் அமெரிக்காவில் மட்டும் 3 லட்சத்துக்கும் அதிகமான புதிய மோட்டர் படகுகள் விற்றன. 2008க்குப் பிறகு அவ்வளவு விற்றதில்லை. அதே நேரத்தில் தொழிற்சாலைகள் மூடித் திறந்தன, கப்பல் கொள்கலன்கள் துறைமுகங்களில் தேங்கின, கணினிச் சில்லுகள் கிடைக்கவில்லை. 2021 பெப்ரவரியில் டெக்சாஸில் அடித்த குளிர்ப்புயல் அங்கிருந்த இரசாயனத் தொழிற்சாலைகளை நிறுத்தியது. ஃபைபர்கிளாஸ் படகுக்கு வேண்டிய பிசினும் இருக்கைக்கு வேண்டிய நுரையும் அதோடு குறைந்தன. படகு தயார், என்ஜின் இல்லை என்று முற்றத்தில் வரிசையாக உடல்கள் கிடந்த காலம் அது.

இதற்கு நடுவில் ஒரு பெயரே மறைந்தது. 1909இல் ஓலே எவின்ரூட் என்ற நோர்வேயிலிருந்து வந்த குடியேறி மில்வாக்கியில் விற்கத் தொடங்கிய என்ஜின் எவின்ரூட். அவரும் சின்ன வயதிலேயே பெற்றோரோடு கடல் கடந்து வந்தவர்தான், எங்களில் பலரைப் போல. (ஏரிக்கு அந்தப் பக்கம் துடுப்புப் போட்டு ஐஸ்கிறீம் வாங்கப் போனார், திரும்பி வருவதற்குள் உருகிவிட்டது, அந்தக் கோபத்தில்தான் மோட்டர் செய்தார் என்று ஒரு கதை உண்டு. உண்மையோ இல்லையோ, நல்ல கதை.) அந்தக் கம்பனி 2000இல் ஒருமுறை வங்குரோத்தாகி, கனடாவின் பொம்பார்டியே கைக்கு மாறி, பிறகு கியூபெக்கின் பீ.ஆர்.பி. நிறுவனத்தின் கீழ் ஓடியது. 2020 மே மாத இறுதியில், கோவிட்டைக் காரணம் காட்டி, எவின்ரூட் என்ஜின் இனிச் செய்யமாட்டோம் என்று பீ.ஆர்.பி. அறிவித்தது. 111 ஆண்டுப் பெயர் ஒரு அறிக்கையோடு முடிந்தது. உத்தரவாதமும் உதிரிப்பாகமும் தொடரும் என்றார்கள். ஆனால் முகவர் கடைகள் வேறு கம்பனியின் பலகையை மாட்டிக்கொண்டன. ஈ-டெக் என்ற அவர்களுடைய கடைசிக் கால என்ஜின்களைச் சோதிக்க மடிக்கணினியும் அதற்கான மென்பொருளும் வேண்டும். அது உள்ள மெக்கானிக் பக்கத்தில் இல்லையென்றால் அந்த என்ஜின் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் இருக்கிறது. மாறாக, அதே பெயரில் 1990களில் வந்த கார்புரேட்டர் வைத்த ரூ ஸ்ட்ரோக் 9.9 என்றால் நான் தயங்காமல் வாங்குவேன். அதைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த கிழவர் ஒருவர் ஒன்ராறியோவின் எந்த ஏரிக்கரையிலும் இருப்பார். ஒரே பெயர், இரண்டு வேறு முடிவு.

பெயர்களைப் பற்றி இன்னொன்று. மெர்க்குரியின் சின்ன என்ஜின்கள் பலவற்றை ஜப்பானில் தொஹாட்சுவோடு சேர்ந்த கூட்டு நிறுவனம்தான் செய்துவருகிறது. எவின்ரூட் பெயரில் பிற்காலத்தில் வந்த சின்ன நாலு ஸ்ட்ரோக்குகளும் தொஹாட்சு செய்தவைதான். தொஹாட்சு பெயரில் விற்ற பெரிய என்ஜின்கள் ஹொண்டாவுடையவை. குழுவில் சிரிக்கும் பொம்மை போட்டவர் தன் மெர்க்குரியின் மூடியைத் திறந்து பார்க்கலாம்.

புதுப் படகு வாங்கினால் தெரிவு செய்யும் வேலையே பெரும்பாலும் உங்களுக்கு இல்லை. மெர்க்குரியை வைத்திருக்கும் பிரன்ஸ்விக் நிறுவனத்துக்குத்தான் லண்ட், பிரின்ஸ்கிராஃப்ட் படகுகளும் சொந்தம். அந்தப் படகை வாங்கினால் பின்னால் மெர்க்குரி வரும். தட்டுப்பாட்டுக் காலத்தில் கம்பனிகள் இருந்த என்ஜினைப் படகு கட்டுபவர்களுக்கே முதலில் கொடுத்தன. பழைய படகுக்குத் தனியாக என்ஜின் மட்டும் கேட்டு வந்தவர்கள் வரிசையின் கடைசியில் நின்றார்கள். நாங்களும் அங்கேதான் நின்றோம். 2021 வசந்தத்தில் மச்சான்மார் இருவரோடு நான் ஏறி இறங்கிய கடைகளில் ஒன்று முற்பணம் வாங்கிக்கொண்டு அடுத்த வருடம் பாருங்கள் என்றது. இன்னொன்றில் 9.9 இல்லை, 25 இருக்கிறது, எடுக்கிறீர்களா என்றார்கள்.

அந்தக் கேள்விதான் ஆபத்து. சாமான் இல்லாத காலத்தில் கிடைத்ததை வாங்கிவிடுவோம் என்று மனம் சொல்லும். எங்கள் பன்னிரண்டு அடிப் பழைய படகின் தகட்டில் 10 குதிரைவலுவுக்கு மேல் பூட்டக்கூடாது என்று இருந்தது. பின்பலகையில் பாரமும் வலுவும் கூடினால் படகு பின்பக்கம் அமிழும், திருப்பத்தில் கவிழும். நீந்தத் தெரியாத எத்தனை பேர் எங்கள் குடும்பங்களில் இருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். அளவும் அப்படித்தான். சின்னப் படகுகளின் பின்பலகை பொதுவாக 15 அங்குலம் அல்லது 20 அங்குலம். 15க்கு நீளத் தண்டு பூட்டினால் உந்தி தேவைக்கு மேல் ஆழத்தில் இழுபடும். 20க்குக் குட்டைத் தண்டு பூட்டினால் அது காற்றைக் குடிக்கும். கடைக்குப் போகுமுன் அளவுநாடாவை எடுத்து அளந்து, தகட்டையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

9.9 ஏன் இவ்வளவு தேடப்படுகிறது என்றால், கனடாவில் 10 குதிரைவலுவும் அதற்கு மேலும் உள்ள உல்லாசப் படகுக்கு உரிம எண் எடுக்க வேண்டும். சில ஏரிகளில் 10க்கு மேல் ஓட்டவே விடமாட்டார்கள். 12 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை தனியாக ஓட்டக்கூடிய எல்லையும் 10தான். 12 முதல் 15 வயது வரை தனியாக என்றால் 40 வரை. ஓட்டுநர் அட்டை எல்லோருக்கும் வேண்டும், மின்மோட்டர் என்றாலும். அதனால் கம்பனிகளிடம் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. எங்களைப் போன்றவர்கள் இந்தச் சின்ன என்ஜினுக்காகக் காத்திருந்த 2021இலேதான் மெர்க்குரி 600 குதிரைவலு வி12ஐக் காட்டிப் பெருமைப்பட்டது. இலாபம் பெரிய என்ஜினில்தான், விளங்குகிறது. ஆனால் முதல் படகு வாங்கும் பத்தொன்பது வயதுக்காரருக்கு அதில் ஒன்றும் இல்லை.

வீட்டில் பெரியவர்களைக் கேட்டால் யமஹா என்றுதான் சொல்வார்கள். எங்கள் பெரிய மாமா கரையோரத்தில் வளர்ந்தவர், அவருக்கு அவுட்போர்ட் என்றால் யமஹா, வேறு சொல்லே இல்லை. ஏன் என்று கேட்டேன். அவர் என்ஜினைப் புகழவில்லை. ஊரில் யமஹாவுக்கு எல்லாச் சாமானும் கிடைக்கும், பக்கத்து ஒழுங்கையிலேயே திருத்துகிற ஆள் இருந்தார் என்றார். அங்கே சின்னப் படகுகளின் என்ஜின்கள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. 2022இல் இலங்கையில் மண்ணெண்ணெய் இல்லாமல் போனபோது பழுதே இல்லாத என்ஜின்களோடு வள்ளங்கள் கரையில் கிடந்தன. எங்களுக்கு ஒரு கோடைகாலம் போனது, அவர்களுக்கு அடுப்பு எரியவில்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க நான் வரவில்லை. மாமாவின் யமஹா பாசத்துக்குள் இருந்தது பக்கத்து ஒழுங்கை மெக்கானிக்தான் என்பதை மட்டும் சொல்லவந்தேன்.

மின் அவுட்போர்ட் பற்றிக் கேட்பவர்களுக்கு: சின்ன ஏரி, மெதுவான ஓட்டம், ஒரு மணி நேர மீன்பிடி என்றால் பாருங்கள். சிம்கோவின் நடுவில் காற்று எழும்பும் பிற்பகலுக்கு நான் அதை நம்பமாட்டேன், இப்போதைக்கு.

நாங்கள் கடைசியில் வாங்கியது பழைய தொஹாட்சு. ஒரில்லியா போகும் வழியில் அதற்கென்று ஒரு கடை இருந்ததுதான் காரணம். நீங்களும் கடைக்குப் போன் எடுத்தால் விலையைக் கடைசியில் கேளுங்கள். நீர்ப்பம்பின் இம்பெல்லர் கையிருப்பில் இருக்கிறதா, ஜூலையில் பழுதென்று கொண்டுவந்தால் எத்தனை நாள் எடுக்கும், வேறு இடத்தில் வாங்கிய என்ஜினையும் பார்ப்பீர்களா என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குத் தடுமாறும் கடைகள் பல.

பிறகு உங்கள் பங்கு. ஓடும்போது பின்னால் சிறு நீர்த்தாரை பாய்கிறதா என்று எப்போதும் பாருங்கள், நின்றால் உடனே அணைத்துவிடுங்கள். அக்டோபரில் கியர் எண்ணெயை வடித்துப் பாருங்கள். பால் நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. அப்படியே கராஜில் விட்டால் ஜனவரியில் உறைந்து உறையையே வெடிக்க வைக்கும். சீல் ஒன்றின் விலை சில டொலர், கீழ்ப்பகுதி முழுவதும் மாற்றுவதென்றால் படகின் விலை. பனி விழுமுன் கடைக்குக் கொண்டுபோங்கள். நவம்பரில் மெக்கானிக் உங்களோடு இருந்து கதைப்பார், மே மாதம் போனையே எடுக்கமாட்டார்.