ஒரு ஸ்டூல் போடுங்களேன்!

உட்காருவதற்குக்கூட ஒரு சட்டம் வேண்டுமா என்று கேட்பீர்கள். ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பெண்ணிடம் கேட்டுப் பாருங்கள், வேண்டும் என்பார்.

10 மணி நேரம்கூட நின்றபடியே வேலை பார்ப்பவர்கள் உண்டு. கூட்டம் இல்லாத மதிய நேரத்திலும் உட்காரத் தயக்கம். கேமராவில் தெரிந்தால் மேனேஜர் கூப்பிடுவார். வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' 2010-ல் வந்தபோது, அந்த வாழ்க்கையைத் திரையில் பார்த்துக் கலங்கினோம். பிறகு வழக்கம்போல பண்டிகைக்குத் துணி எடுக்கப் போய்விட்டோம்.

முதலில் அசைந்தது கேரளா. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் வேலை பார்த்த பெண்கள், தையல் தொழிலாளி விஜி தொடங்கிய 'பெண்கூட்டு' அமைப்பில் சேர்ந்து பல வருடங்கள் போராடினார்கள். 2018-ல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. 2021-ல் தமிழ்நாடும், 1947-ம் வருடத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும். வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார்ந்துகொள்ளலாம் என்கிறது அது.

இது சலுகை இல்லை, உடம்பின் தேவை. நாம் நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து ரத்தத்தை மேலே தள்ளும். ஒரே இடத்தில் நின்றால் அது சரியாக நடக்காது; ரத்தம் காலிலேயே தேங்கும். பாதம் வீங்கும். நாளாக ஆக ரத்தக்குழாய் புடைத்துச் சுருண்டுகொள்ளும். வெரிகோஸ் வெயின் என்கிறோமே, அதுதான். இடுப்புவலி தனிக் கணக்கு.

'ஊழியர் உட்கார்ந்திருந்தால் கஸ்டமர் மரியாதைக் குறைவாக நினைப்பாரே' என்பார்கள் முதலாளிகள். ஆனால், தொழில் பழகிய ஒரு பெண் கால்வலி தாங்காமல் வேலையை விட்டுப் போனால், புது ஆளுக்குப் புடவை ரகங்களைச் சொல்லிக்கொடுக்கவே மாதக்கணக்காகும். அந்த நஷ்டத்துக்கு முன்னால் ஒரு ஸ்டூலின் விலை எம்மாத்திரம்?

ஸ்டூலை வாங்கிப் போட்டால் மட்டும் போதாது. உட்கார்ந்தால் திட்டு விழாது என்ற நம்பிக்கையும் வேண்டும். 'கூட்டம் இல்லையே, கொஞ்சம் உட்காருங்கம்மா' என்று மேனேஜர் வாய்திறந்து சொன்னால்தான் அது வரும்.

கஸ்டமர் என்ன நினைப்பார் என்பதுதான் பயம் என்றால், பாதிப் பொறுப்பு நம்முடையது. அடுத்தமுறை உங்களைப் பார்த்ததும் ஒரு பெண் பதறி எழுந்தால், 'பரவாயில்லைம்மா, உட்கார்ந்தே காட்டுங்க' என்று சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள். மேனேஜர் காதிலும் விழட்டும்.